ஆறாம் வகுப்பு மட்டும் வேறு பள்ளி: என் மகள் சட்டம் படிக்க முடியாதா?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் தொழிலாளி. கணவர் கேரளத்தில் கொத்து வேலை செய்கிறார். எங்கள் மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் 600-க்கு 487 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கட்டணமும் கட்ட வேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். சான்றிதழ் வாங்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு என்பதால், ஆறாம் வகுப்பை மட்டும் பக்கத்து ஊரில் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தாள். அந்த ஓராண்டால் ஒதுக்கீடு இல்லை என்கிறார்கள். இதற்கிடையில் உறவினர்கள், "இங்கிலீஷ் பேசத் தெரியாத பிள்ளைக்கு வக்கீல் படிப்பு எதற்கு, அதிலும் பொம்பளைப் பிள்ளைக்கு" என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும், அம்மா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

வருத்தமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் உங்களிடம் சொன்னது சரிதான். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமை தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டப் படிப்பும் அதில் அடங்கும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளி என்ற வரையறைக்குள் வருகின்றன. உதவிபெறும் பள்ளி வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, மீதியை அரசுப் பள்ளியில் முடித்த பிள்ளைக்குக்கூட அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பக்கத்தில் வேறு பள்ளி இல்லாததால் ஓராண்டு உதவிபெறும் பள்ளிக்கு நடந்து போன உங்கள் மகளுக்கு இல்லை.

இது நியாயமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்லாமல் இந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒதுக்கீட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மருத்துவப் படிப்பில் அதே 7.5 சதவீதத்தை எதிர்த்து வழக்குகள் வந்தபோது, 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லும் என்று தீர்ப்பளித்ததும் சரியான முடிவுதான். ஏழ்மையையும் வாய்ப்பின்மையையும் ஒரு குழந்தையின் நெற்றியில் படிக்க முடியாது என்பதால், அரசு அவற்றுக்கு ஓர் அடையாளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பள்ளியின் பெயர் எளிதாகச் சரிபார்க்கக்கூடிய அடையாளம். ஆனால் ஊருக்கு ஒரு நடுநிலைப் பள்ளி கொடுக்காதது அரசின் குறை. அந்தக் குறையின் விலையைப் பத்து வயதுக் குழந்தையிடம் வசூலிப்பது சமத்துவம் ஆகாது. விதியில் இப்படிப்பட்ட இடைவெளிக்கு விலக்கு வேண்டும் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும் மனு எழுதுங்கள். அது உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு உதவாமல் போகலாம்; அதே ஊரில் இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவக்கூடும்.

இனி உங்கள் மகளுக்கு எது உண்டு என்று பார்ப்போம். அது சிறியதல்ல.

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்தும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புச் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பொதுப் பிரிவினருக்கே 45 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம்; உங்கள் மகள் 81 சதவீதம் வைத்திருக்கிறாள். 69 சதவீத இட ஒதுக்கீடும் வழக்கம்போல் நடைமுறையில் இருக்கும். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால் அதில் 26.5 சதவீதம் உங்கள் பிரிவுக்கு உரியது. வேறு பிரிவு என்றால் அதற்குரிய பங்கு. விருப்பப் பட்டியலில் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியை முதலில் வையுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். மதுரை, தேனி, ராமநாதபுரம், காரைக்குடி என்று நீட்டுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரே கல்லூரியை மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்து, நல்ல மதிப்பெண் இருந்தும் இடத்தைத் தவறவிட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அரசு சட்டக் கல்லூரிக் கட்டணம் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். அது வருவதற்கு நாளாகும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. பின்னர் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே 7.5 சதவீதத்துக்குத் தடையாக இருக்கும் அந்த ஆறாம் வகுப்பு, இதற்குத் தடையாக இருக்கக் கூடாது. அந்தப் பள்ளிக்குப் போய், எந்த ஆண்டு எந்த வழியில் படித்தாள் என்று படிப்புச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா? பலர் அதை மருந்தகத்துக்கு மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தொழிலாளர் நல அமைப்பு கல்வி உதவித்தொகை வழங்குகிறது. பள்ளி வகுப்புகளோடு அது முடிவதில்லை. கல்லூரிப் படிப்புக்கும் உண்டு. தொகை படிப்பின் வகையைப் பொறுத்து மாறும். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் என்ற இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே படிப்புக்கு இரண்டு இடங்களில் உதவித்தொகை பெறுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு எது கூடுதலோ அதைத் தேர்ந்தெடுங்கள். அட்டை இல்லையென்றால் தொழிற்சங்கத்தில் கேட்டு அதற்கான வேலையை இப்போதே தொடங்குங்கள்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கிளாட் என்ற அந்த நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய். படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு லட்சங்களில் ஓடுகிறது. நீண்ட ஆங்கிலப் பத்திகளை வேகமாகப் படிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் அது பெரும்பாலும் சோதிக்கிறது. அந்த வேகம் பிறக்கும் வீடுகள் வேறு. இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்துத்தான் ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010-இல் இடியா என்ற அமைப்பைத் தொடங்கி, வசதியற்ற பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வுக்குப் பயிற்சி கிடைக்க வழி செய்தார். பதினோராம் வகுப்பிலேயே தெரிந்திருந்தால் நானும் அதைப் பரிந்துரைத்திருப்பேன். இப்போது அதற்காக ஓராண்டை வீட்டில் கழிக்க வேண்டாம்.

உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலம் ஒரு பொய்யான பயம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் ஆண்டில் அது உங்கள் மகளை அழ வைக்கும். நானும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கித் தமிழ் வழியில் படித்தவள்தான். ஒப்பந்தச் சட்ட வகுப்பில் "கன்சிடரேஷன்" என்ற சொல்லை ஆசிரியர் முதல் நாள் எழுதியபோது, அகராதியைப் புரட்டி "பரிசீலனை" என்று எழுதிக்கொண்டு, ஒப்பந்தத்துக்கும் பரிசீலனைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வாரம் குழம்பினேன். சட்டத்தில் அதற்கு மறுபயன் என்று பொருள். ஒன்றைக் கொடுப்பதற்கு ஈடாக மற்றவர் தருவதுதான் மறுபயன். பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி, சுற்றிக் கொடுத்து, கூலி வாங்குகிறீர்களே, அந்தக் கூலிதான் உங்கள் உழைப்புக்கு மறுபயன். இதை யாராவது அன்று இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி, ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு வைத்திருந்தாள். முதல் பத்தியில் ஆங்கிலச் சட்டச் சொல். இரண்டாவதில் அதே சொல்லுக்குத் தெருவில் உள்ள பொருள். மூன்றாவதில் நீதிமன்றத்தில் உள்ள பொருள். "சூட்" என்றால் கோட்டு சூட்டு, நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்கு. "ரிலீஃப்" என்றால் நிம்மதி, நீதிமன்றத்தில் பரிகாரம். "இஷ்யூ" என்றால் பிரச்சினை, நீதிமன்றத்தில் எழுவினா, அதாவது வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. "பிரேயர்" என்றால் கும்பிடுவது, வழக்குரையில் கடைசியாகக் கேட்கும் வேண்டுகோள். "டிக்ரி" என்றால் படிப்பு, நீதிமன்றத்தில் தீர்ப்பாணை. ஆங்கில வழியில் படித்துவந்த தோழிகளும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களுக்கு இரண்டாவது பத்தி மட்டும்தான் தெரிந்திருந்தது. தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிப் போய்த் தேர்வில் தவறினார்கள். சட்ட ஆங்கிலம் எல்லாருக்குமே புதிய மொழி. அதை உங்கள் மகள் தெரியாது என்ற அறிவோடு தொடங்குகிறாள், அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு நோட்டு இன்றே வாங்கிக் கொடுங்கள். கல்லூரி திறக்கும் வரை நாளுக்கு ஒரு பக்கம் அரசமைப்புச் சட்டத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பதிப்பும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய புத்தகக் கடையில் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு வழிகாட்டி நூல் மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அந்த 1860-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அரசு சட்டக் கல்லூரிகளில் தேர்வைத் தமிழில் எழுதவும் வாய்ப்பு உண்டு. முதல் இரண்டு பருவங்களைத் தமிழில் எழுதி நிமிர்ந்துகொண்டு, பிறகு ஒவ்வொரு பாடமாக ஆங்கிலத்துக்கு மாறட்டும் என்பது என் யோசனை. முழுக்கத் தமிழிலேயே எழுதினாலும் பட்டம் கிடைக்கும். ஆனால் உயர் நீதிமன்றத்தின் மொழி இன்னும் ஆங்கிலம்தான். தமிழையும் அங்கே வழக்காடு மொழியாக்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டும் ஒன்றிய அரசு இணங்கவில்லை. இந்தக் கதவு திறக்க வேண்டும் என்று விரும்புகிறவள் நான். அது திறக்கும் வரை உங்கள் மகள் வெளியே நிற்கக் கூடாது என்பதும் என் கவலை.

தமிழ் அவளுக்குக் கைமுதலாக இருக்கும் இடங்களும் உண்டு. மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் சாட்சி பேசுவது தமிழில். வழக்கில் சிக்கியிருக்கும் சொத்தின் கிரயப் பத்திரம், ஒத்தி, பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் தமிழில். உங்கள் வீட்டில் ஒரு பழைய பத்திரம் இருந்தால் அதை அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நான்கெல்லை எப்படி எழுதப்பட்டிருக்கிறது, "நாளது தேதியில்" என்று ஏன் தொடங்குகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். உரிமையியல் நீதிபதி பதவிக்குத் தேர்வாணையம் நடத்தும் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு தாள் இருக்கிறது. அதில் தமிழ் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் பெருநகரப் பிள்ளைகள்தான். அந்தத் தேர்வு எழுத மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்திருப்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எந்தக் கல்லூரியில் படித்தால் என்ன, புத்தகம் ஒன்றுதானே" என்று சொல்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஸ்வெட் என்ற கறுப்பின இளைஞருக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி இடம் மறுத்தது. அவர் வழக்குத் தொடுத்த பின் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சட்டப் பள்ளியை அரசு அவசரமாக ஏற்படுத்தியது. அது சமமான வாய்ப்பு ஆகாது என்று 1950-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டடத்தையும் நூலகத்தையும் எண்ணிவிடலாம். பழைய மாணவர்களின் செல்வாக்கையும், நாளை யாரோடு வழக்காட வேண்டுமோ அவர்களோடு பழகும் வாய்ப்பையும் எண்ண முடியாது என்பதே அதன் அடிப்படை. பொதுப் பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டின் பிரவுன் தீர்ப்புக்கு வழி போட்ட வழக்குகளில் இதுவும் ஒன்று. நான் இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நம் பிள்ளைகளைத்தான் நினைப்பேன். உங்கள் மகளுக்கு வக்கீல் சித்தப்பா இல்லை. நீதிமன்ற வளாகத்தில் எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று சொல்ல ஆளில்லை. கட்டணச் சலுகை அந்தக் குறையைத் தீர்க்காது.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் ஆண்டிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போய், சட்டத் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். சட்ட மாணவர்களையும் அதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். இலவசச் சட்ட உதவி கேட்டு வரும் பெண்ணுக்கு மனு எழுதிக் கொடுப்பதும், வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத் நாளில் வழக்குக் கட்டுகளை எடுத்து வைப்பதும், முன்சீப்பின் முன் நிற்கும்போது எப்படிக் குனிந்து வணங்குவது என்பதும் அங்கே பழக்கமாகிவிடும். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரப் பயிற்சி கட்டாயம். அதைக் கையெழுத்துக்காக முடிக்காமல், ஒரே வழக்கறிஞரிடம் பல விடுமுறைகள் தொடர்ந்து போவது நல்லது.

படிப்பு முடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஏழைப் பிள்ளைகளை இந்தத் தொழிலிலிருந்து வெளியே தள்ளுகின்றன. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நான் ஜூனியராக இருந்தபோது பதினான்கு மாதம் என் சீனியர் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. பேருந்துக் காசுக்குத் தட்டச்சு வேலை செய்தேன். இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் ரூபாய் வசூலித்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்து, சட்டத்தில் உள்ளபடி பொதுவாக 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் மட்டுமே வாங்க வேண்டும் என்றது. அதிகக் கட்டணம் நலிந்த பிரிவினரைத் தொழிலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு வெளிப்படையாகச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சொன்னது. இது எல்லா அலுவலகங்களிலும் நடப்பதில்லை. சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள உங்கள் மகளுக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

பெண் பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில். 1916-இல் கொல்கத்தாவில் ரெஜினா குஹாவும் 1921-இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவும் சட்டம் படித்தும், பெண் என்பதால் நீதிமன்றங்கள் அவர்களைப் பதிவு செய்ய மறுத்தன. 1923-இல் சட்டம் இயற்றி அந்தத் தடை நீக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு முன்பே முடிந்துபோன வழக்கை உங்கள் வீட்டுத் திண்ணையில் மறுபடி நடத்த வேண்டாம் என்று உறவினர்களிடம் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை: இ-சேவையில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறாம் வகுப்புப் பள்ளியின் படிப்புச் சான்று, மகள் பெயரில் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு. சட்டப் பல்கலைக்கழக இணையதளத்தில் விண்ணப்பத்தின் கடைசி நாளைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்ததும் கல்லூரிக்குப் பக்கத்தில் உங்கள் பிரிவுக்குரிய அரசு நல விடுதி எது என்று முதல் நாளே கேளுங்கள். அங்கேயும் இடங்கள் விரைவாக நிரம்பிவிடும். எந்தக் கல்லூரி என்று தெரிந்ததும் உங்கள் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். அந்த ஊரில் பயிற்சிக்கு யாரிடம் போகலாம் என்று அவளுக்குச் சொல்கிறேன்.